குமரி மாவட்டத்தில் வேதம் காதுவழி வந்த கதை

குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. சி.எஸ்.ஐ.காரர்கள் (தென்னிந்தியத் திருச்சபையின் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) பைபிள் வாசிக்கிறவர்கள், ஆர்.சி.காரர்கள் (ரோமன் கத்தோலிக்கர்கள்) ஜெபமாலை சொல்கிறவர்கள் என்று. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். ஒரு பக்கத்தார் பெருமையாகச் சொல்வார்கள், இன்னொரு பக்கத்தார் கொஞ்சம் சங்கடத்தோடு ஒத்துக்கொள்வார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் இங்கே பெரும்பாலான கிறிஸ்தவர்கள், எந்தச் சபையைச் சேர்ந்தவர்களானாலும், வேதத்தை அறிந்தது காதால்தான். யாரோ ஒருவர் வாசித்தார், பலர் கேட்டார்கள். வாசித்தவர் யார், அவர் எதை வாசித்தார், எவ்வளவு வாசித்தார் என்பதில்தான் சபைக்குச் சபை வித்தியாசம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர். அதில் 46.85 சதவீதம் கிறிஸ்தவர்கள். எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆகவே, படிக்கத் தெரியாததால் கேட்கிறார்கள் என்ற விளக்கம் இன்றைக்குப் பொருந்தாது. அலமாரியில் வேதாகமம் இருக்கிறது, அதை வாசிக்கக் கண்ணும் படிப்பும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு வாரத்தில் ஒரு சாதாரண விசுவாசிக்குள் போகும் வசனங்களில் பெரும்பகுதி, ஆலயத்தில் யாரோ வாசித்ததாகவோ பாட்டில் வந்ததாகவோ பிரசங்கத்தில் சொல்லப்பட்டதாகவோதான் இருக்கிறது. இதைக் குறை என்று சொல்வதற்கு முன்னால் இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரம் மூன்றாம் வசனம், "இந்தத் தீர்க்கதரிசன வசனங்களை வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" பாக்கியவான்கள் என்கிறது. வாசிப்பவர் ஒருவர், கேட்பவர்கள் பலர். அன்றைய சபைக் கூட்டம் அப்படித்தான் நடந்தது. கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் பவுல், இதை உங்களிடத்தில் வாசித்த பிறகு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்கிறார். ரோமப் பேரரசில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர், கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் அதற்குப் பக்கத்தில்தான் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. தனியாக இருக்கும்போதுகூட வாய்விட்டு வாசிப்பதே வழக்கம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனது பிலிப்புவின் காதில் விழுந்தது அதனால்தான். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசு உதடு அசையாமல் வாசித்ததைக் கண்ட அகுஸ்தீனார், அதைக் குறிப்பிட்டு எழுதிவைக்கும் அளவுக்கு வியந்திருக்கிறார்.

நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். ஆண்களும் பெண்களும் நின்று கேட்கிறார்கள். லேவியர்கள் நடுநடுவே அர்த்தம் சொல்கிறார்கள். கேட்ட ஜனங்கள் அழுகிறார்கள். ஆறு மணி நேர வாசிப்பு அது. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம்மூருக்கு வரும்போது தேவைப்படும்.

குமரிக் கடற்கரைக்கு வேதம் வந்த விதம் பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களிலேயே இருக்கிறது. 1542-ல் கோவாவுக்கு வந்து, அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-ன் கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் மீனவர்களான முக்குவர்கள். அவருக்குத் தமிழ் சரளமாக வராது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, பல மாதம் பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தானே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு ஊரை விட்டுப் புறப்படும்போதும் ஜெபங்களின் எழுத்துப் படி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் வேதம் எங்கே இருக்கிறது, வெறும் ஜெபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கர்த்தர் கற்பித்த ஜெபம் மத்தேயு ஆறாம் அதிகாரம். மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதி லூக்கா முதல் அதிகாரம். பத்துக் கட்டளை யாத்திராகமம் இருபதாம் அதிகாரம். கடற்கரைப் பெரியவர்கள் இன்றும் இவற்றைப் பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் என்றுதான் சொல்கிறார்கள். வலை பின்னிக்கொண்டே சொன்ன அந்த மந்திரங்களில் வேதத்தின் சொந்த வரிகள் இருந்தன. அளவில் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் ஒருவர் விடாமல் எல்லார் நாக்கிலும் இருந்தது. 1578-ல் இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் என்று பாடநூல்களில் படிக்கிறோம். அதுவும் ஒருவர் கையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க, ஊரே திருப்பிச் சொல்வதற்கான புத்தகம்தான்.

முழு வேதாகமம் அவர்கள் காதுக்கு வரவில்லை. திருப்பலி லத்தீனில் நடந்தது. 1564-ல் ரோமையில் வெளியான தடைநூல் விதிகள், தாய்மொழியில் வேதாகமம் படிக்க வேண்டுமானால் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்றன. குருவானவர் நற்செய்தியை லத்தீனில் வாசித்துவிட்டு, பிரசங்கத்தில் தமிழில் விளக்குவார். சாமியார் வராத வாரங்களில் கோயிலில் ஜெபமும் வேதமும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் எல்லாம். மேற்கே திருவிதாங்கோட்டில், தோமையார் கட்டியது என்று நம்பப்படும் அரைப்பள்ளி என்ற பழைய தேவாலயத்தின் மரபில் வழிபாட்டு மொழி சுரியானி. அதுவும் சாதாரண ஆளுக்குப் புரியாத மொழிதான். ஆக, நானூறு வருடம் இங்கே கத்தோலிக்கரும் சுரியானிக் கிறிஸ்தவர்களும் புரியாத மொழியில் வாசிப்பையும் புரிந்த மொழியில் ஜெபத்தையும் கதையையும் கேட்டு வளர்ந்தார்கள்.

கதை என்று சொன்னதும் நட்டாலம் தேவசகாயம் பிள்ளைதான் முதலில் நினைவுக்கு வருவார். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு நண்பர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த நீலகண்டப் பிள்ளைக்கு (தேவசகாயத்தின் பழைய பெயர் அது) டிலனாய் சொன்னது யோபுவின் கதை. மாடு போனது, மக்கள் போனார்கள், உடம்பு முழுக்கப் புண் வந்தது, அப்படியும் கடவுளை விடாத மனிதனின் கதை. கேட்டவர் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். குமரி மண்ணின் முதல் புனிதருக்கு வேதம் வந்தது ஒரு நண்பரின் வாயிலிருந்து. ஒரு வசனமாக வராமல் முழுக் கதையாக வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சீர்திருத்த சபைகளின் கதையும் கேட்பதில்தான் தொடங்குகிறது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டவர். தஞ்சாவூரில் மிஷனரி கோலாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் கூப்பிட்டு 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்து மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் மயிலாடியில் ஆலயம் கட்டினார். 1818-ல் வந்த மீட் ஐயர் இரண்டு வருடத்தில் நாகர்கோவிலில் அச்சகம் தொடங்கினார்.

இங்கிருந்து கதை மாறுகிறது. மாறியதன் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடார்களும் சாம்பவர்களும். பொதுவழியில் நடக்க முடியாதவர்கள், பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். எழுத்தும் அவர்களுக்கு எட்டாத இடத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களின் ஊரில் கூரை வேய்ந்த ஒரு கட்டடம் எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை அது ஆலயம், மற்ற நாளில் பள்ளிக்கூடம். சொல்லிக்கொடுத்தவர் இரண்டுக்கும் ஒருவரே. மீட் ஐயரும் மால்ட் தம்பதியரும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார்கள். மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அடிமை முறை திருவிதாங்கூரில் சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே எழுத்துக்கூட்டி வேதம் வாசித்த அடிமை வீட்டுப் பெண்பிள்ளைகள் நாகர்கோவிலில் இருந்தார்கள். இதைச் சும்மா கல்விப்பணி என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. யார் வாசிக்கலாம் என்பதை அதுவரை சாதி தீர்மானித்த மண்ணில், கடவுளின் வார்த்தையை ஒரு சாம்பவப் பெண் தன் வாயால் வாசித்துக் காட்டினாள்.

ஆனால் அந்தத் தலைமுறையில் வாசித்தவர்கள் எத்தனை பேர்? சபைக்கு ஒருசிலர். மற்றவர்கள் கேட்டார்கள். உபதேசியார் வாரத்தில் ஒருநாள் மிஷன் பங்களாவுக்குப் போய், வரும் ஞாயிற்றுக்கிழமைக்கான பகுதியையும் பிரசங்கத்தையும் படித்துக்கொண்டு திரும்புவார். ஞாயிறு அதை வாசித்து விளக்குவார். சபையார் வசனத்தை ஒப்பிக்க வேண்டும். பனையேறிவிட்டு வந்த மனிதரும் நாற்று நட்டுவிட்டு வந்த பெண்ணும் வசனத்தைக் காதால் வாங்கி, மறக்காமல் வைத்திருந்து, அடுத்த வாரம் திருப்பிச் சொன்னார்கள். முறையில் பார்த்தால் சவேரியார் மணியடித்துச் செய்ததுதான் இதுவும். என்ன கேட்டார்கள் என்பதில்தான் பெரிய வேறுபாடு. கடற்கரையில் ஜெபங்களும் கட்டளைகளும். உள்ளே மயிலாடியிலும் நெய்யூரிலும் அதிகாரம் அதிகாரமாக வேதம்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்கிறது. இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அரசு மொழி மலையாளம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்துவிட்டு, ஆலயத்தில் தமிழ் வேதம் கேட்டவர்கள் ஏராளம். வீட்டில் பேசுவது இரண்டும் கலந்த ஒரு பேச்சு. வேதாகமத் தமிழோ முற்றிலும் வேறு மாதிரி. அதைக் கண்ணால் படித்துப் பழகியதைவிட, ஆலயத்தில் கேட்டுக் கேட்டே அவர்கள் பழகினார்கள்.

பாட்டையும் விட்டுவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் மயிலாடி யோவான் பால்மர் இயேசுவின் வாழ்க்கையைக் 'கிறிஸ்தாயனம்' என்று செய்யுளில் பாடினார், கீர்த்தனைகளும் எழுதினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் குமரி வீடுகளில் அன்றாடம் பாடப்பட்டன. சங்கீதங்களைக் கீர்த்தனையாகத்தான் பலருக்குத் தெரியும். சங்கீதம் எத்தனை என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், பாடச் சொன்னால் முழுவதும் பாடுவார்கள். வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த ஊர்களில் கிறிஸ்தவக் கதைகளும் வில்லில் ஏறின. கடற்கரையில் வாசாப்பு என்ற கிறிஸ்தவக் கூத்து நாடகங்களும் தவக்காலச் சிலுவைப்பாதையும் இதே வேலையைச் செய்தன. சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலையாக நடந்து போகிறவருக்குப் பாடுகளின் வரிசை காலிலேயே பதிந்துவிடும்.

சாயங்கால ஜெபம்தான் இதில் மிக நுட்பமான இடம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வேதம் வாசிக்கும், பாட்டாவும் பாட்டியும் கேட்பார்கள். என் அப்பாவின் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நாங்கள் அவசரத்தில் ஒரு வசனத்தைத் தாண்டினால், "மக்களே, நடுவில ஒண்ணு விட்டுட்டியே" என்று நிறுத்துவார். வாசித்த எங்களைவிடக் கேட்ட அவருக்குத்தான் அந்த அதிகாரம் தெரியும். இந்த மாதிரி பாட்டிகள் குமரியில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறை, எழுத்தறிவில்லாத தலைமுறைக்கு வாசித்துக் காட்டியதில் இரண்டு பேருமே வேதத்துக்குள் ஆழமாகப் போனார்கள். பிள்ளைக்கு உச்சரிப்பு திருந்தியது, பாட்டிக்கு வேதம் முழுமையானது.

இப்படிக் காதில் ஊறியதன் விளைவு ஒன்றை வேதாகமச் சங்கத்தார் நேரடியாக அனுபவித்தார்கள். 1871-ல் பவர் ஐயர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்புதான் இன்றும் சீர்திருத்த சபைகளில் ஓதப்படுவது. 1956-ல் திருத்திய மொழிபெயர்ப்பு வந்தது. அறிஞர்கள் அதைப் பாராட்டினார்கள், சபைகள் ஏற்கவில்லை. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் கேட்டவர்களுக்கு, அதே சங்கீதம் வேறு சந்தத்தில் வந்தால் அது சங்கீதமாகவே படவில்லை. பழமைவாதம் என்று இதைக் கண்டிப்பவர்களும் உண்டு. நான் அதை நியாயமான பற்று என்றே சொல்வேன்.

கத்தோலிக்கப் பக்கத்தில் பெரிய திருப்பம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963-ல் திருவழிபாடு பற்றிய ஆவணம், 1965-ல் இறைவெளிப்பாடு பற்றிய ஆவணம். திருப்பலி தமிழுக்கு வந்தது. 1969-ல் மூன்றாண்டுச் சுழற்சியில் புதிய வாசக ஒழுங்கு, அதாவது எந்த நாளில் எந்த வேதப்பகுதியை வாசிப்பது என்ற அட்டவணை, வெளியானது. இதன் பலனை எண்ணிக்கையில் பார்க்கலாம். பழைய ஒழுங்கில் ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் வாசிக்கப்பட்டது புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 17 சதவீதம், பழைய ஏற்பாட்டில், சங்கீதங்களைச் சேர்க்காமல், ஒரு சதவீதம். புதிய ஒழுங்கில் புதிய ஏற்பாடு ஏறத்தாழ 41 சதவீதமாகவும் பழைய ஏற்பாடு 4 சதவீதத்துக்குப் பக்கத்திலும் வந்தன. தினமும் பூசைக்குப் போகிறவர் என்றால் புதிய ஏற்பாட்டில் எழுபது சதவீதத்துக்கு மேல் கேட்டுவிடுவார். கோட்டாறு மறைமாவட்டக் கடற்கரை ஊரில் எந்தப் புத்தகத்தையும் திறக்காத ஒரு மீனவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனால் மூன்று வருடத்தில் நான்கு நற்செய்திகளின் பெரும்பகுதியைத் தமிழில் கேட்டிருப்பார். அவருடைய தாத்தாவுக்கு இது வாய்க்கவில்லை. 1995-ல் சபைகள் சேர்ந்து கொண்டுவந்த 'திருவிவிலியம்' வந்த பிறகு, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும் முழு நூல் போய்ச் சேர்ந்தது. அன்பியம் என்ற அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டங்களில் இல்லத்தரசிகள் வாசித்துப் பகிர்கிறார்கள். ஆர்.சி.காரர்கள் பைபிள் வாசிப்பதில்லை என்ற பேச்சு இன்றும் ஓடுகிறது என்றால், சொல்பவர் அறுபது வருடமாக ஒரு கோயிலுக்குள்ளும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி, காதால் கேட்பதில் என்ன விடுபடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலே சொன்ன அந்த 4 சதவீதம் சின்னக் குறை இல்லை. ஞாயிறு மட்டும் கேட்கிறவருக்கு நியாயாதிபதிகள் புத்தகம் வராது, எஸ்தரின் கதை வராது, யோபுவில் ஓரிரு துண்டு மட்டும் வரும். சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் குறிக்கப்பட்ட பாடங்கள்தான். பெந்தெகொஸ்தே சபைகளில் பிரசங்கியாருக்குப் பிடித்த பகுதிகள் திரும்பத் திரும்ப வரும், மற்றவை வரவே வராது. கேட்பவருக்குத் தேர்வு கிடையாது. வேறொருவர் தேர்ந்ததைத்தான் கேட்க முடியும். பிரசங்கி ஒரு வசனத்தைத் தப்பாகப் பயன்படுத்தினால், முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பதற்குப் புத்தகம் வேண்டும், வாசிக்கும் பழக்கம் வேண்டும். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதைக் கேட்டுவிட்டு, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் புகழ்கிறது. கேட்டார்கள், பிறகு சரிபார்த்தார்கள். எழுத்தறிவு நமக்குத் தந்த பெரிய வரம் இந்தச் சரிபார்க்கும் உரிமைதான்.

அந்த உரிமையை நாம் பயன்படுத்துகிறோமா? இங்கேதான் எனக்குக் கவலை. இன்று நம் வாசிப்பில் பெரும்பகுதி ஒற்றை வசனம். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, காலண்டர், கடை வாசலில் எழுதிய வசனம், காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வரும் வசனம். எல்லாம் கண்ணால் படிப்பவைதான், ஆனாலும் முன்பின் இல்லாதவை. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. இன்றைய வசன எண்கள் புதிய ஏற்பாட்டில் 1551-ல், பாரிஸைச் சேர்ந்த அச்சுக்காரர் ராபர்ட் எத்தியென் பதித்தவை. தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண், கடைசியில் வசனத்தைத் தனியே பிய்த்து எடுக்க வழி செய்துவிட்டது.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." புது வீட்டிலும் புதுக் கடையிலும் சட்டம் போட்டு மாட்டுகிறோம். யோபு 8:7. இதைச் சொன்னது கடவுள் இல்லை, யோபுவும் இல்லை. யோபுவின் நண்பன் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் போனார்கள் என்ற பொருளில் பேசிவிட்டு, மூன்று வசனம் தள்ளி இதைச் சொல்கிறான். புத்தகத்தின் கடைசியில் கடவுள் இந்த நண்பர்கள் மேல் கோபப்படுகிறார். என்னைக் குறித்து நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபுவின் முடிவு ஆசீர்வாதமானது என்பது உண்மைதான், வசனத்தை மாட்டி வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் டிலனாயிடமிருந்து யோபுவை முழுக்கதையாகக் கேட்ட தேவசகாயம் பிள்ளைக்குக் கிடைத்தது வேறு. துன்பம் வந்தால் அது பாவத்தின் சம்பளம்தான் என்று பேசும் நண்பர்களைக் கடவுள் கண்டிக்கிறார் என்ற செய்தி, முழுதும் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். எழுத்தறிந்து ஒற்றை வசனம் படிக்கும் நமக்கு அது கிடைப்பதில்லை.

அதனால்தான் கேட்பதா, படிப்பதா என்று பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொடர்ச்சியாகக் கிடைக்கிறதா, துண்டாகக் கிடைக்கிறதா என்பதே கேள்வி. உபதேசியார் அதிகாரம் அதிகாரமாக வாசித்ததைக் கேட்ட பனையேறிக்குத் தொடர்ச்சி கிடைத்தது. கையில் பத்து மொழிபெயர்ப்பு உள்ள செயலியை வைத்துக்கொண்டு தினம் ஒரு வசனம் பார்ப்பவருக்குத் துண்டு கிடைக்கிறது.

செயலியைக் குறை சொல்லவில்லை. ஒருகாலத்தில் சிற்றலை வானொலியில் பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ், செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா என்ற கிறிஸ்தவ நிலையங்கள் தமிழில் ஒலிபரப்பின. குறிப்பிட்ட நேரத்துக்குப் பெட்டியைத் திருகி, இரைச்சலுக்கு நடுவே கேட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்று முழு வேதாகமமும் ஒலிவடிவில் கைப்பேசிக்குள் இலவசமாக இருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஞாயிறு திருப்பலி கிடையாது, சிக்னலும் கிடையாது. பதிவிறக்கி வைத்தால் படகிலேயே கேட்கலாம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர், முந்திரி ஆலையில் கை ஓயாமல் வேலை செய்யும் பெண், கண் மங்கிய முதியவர், இவர்களுக்கெல்லாம் அச்சுப் புத்தகத்தைவிட இது உதவும். புதிய ஏற்பாடு முழுவதும் கேட்க இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். தினம் அரை மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

சபைகளில் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். வாசிப்பவரை ஒழுங்காகத் தயார் செய்ய வேண்டும். இப்போது பல கோயில்களில், பல ஆலயங்களில் வாசகம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஆள் தேடுகிறோம். வருபவர் பகுதியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பெயர்களில் தடுமாறி, நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடி, ஓட வேண்டிய இடத்தில் நின்று முடிப்பார். சபையார் இறைவா உமக்கு நன்றி என்பார்கள். என்ன வாசித்தார்கள் என்று வாசலில் கேட்டால் பதில் வராது. பாடகர் குழுவுக்கு வெள்ளி, சனி பயிற்சி உண்டு. பீடப்பிள்ளைகளுக்கும் பயிற்சி உண்டு. அந்த வாரம் பாதிப் பேருக்கு வேதம் கிடைக்கப்போகும் ஒரே வழி வாசகர்தான், அவருக்கு மட்டும் எதுவும் இல்லை. சனிக்கிழமை அரை மணி நேரம் போதும். பகுதியை இரண்டு முறை வாய்விட்டு வாசித்து, பின்னணியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மைக்கில் ஒருமுறை வாசித்துப் பார்த்தால் ஞாயிறு அது வேறு மாதிரி ஒலிக்கும்.

நம் மாவட்டத்துக்கே உரிய முன்மாதிரி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினர் கார்த்திகையில் சாமித்தோப்பில் தங்கள் புனித நூலான அகிலத்திரட்டைப் பதினேழு நாள் முழுவதுமாக வாசிக்கிறார்கள். திருஏடு வாசிப்பு என்பது அதன் பெயர். எஸ்றா வாசிக்க ஜனங்கள் கேட்டது போல, ஊரே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறது. நிழல் தாங்கல்கள் என்ற அவர்களுடைய சிறிய வழிபாட்டு இடங்களிலும் இது நடக்கிறது. முழு நூலையும் வாய்விட்டு வாசிக்க, கூட்டமாகக் கேட்க குமரிக்காரர்களுக்குப் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாம் தொடங்குவதற்குப் பதினேழு நாளும் தேவையில்லை. ரூத்தின் புத்தகத்தை வாசிக்க இருபது நிமிடம் ஆகும், பிலிப்பியர் கடிதத்துக்கு அதைவிடக் குறைவு. மாற்கு நற்செய்திக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான்கு பேர் முறை வைத்து, நடுவில் ஒரு கீர்த்தனையோடு மாற்கை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிடலாம். சி.எஸ்.ஐ. ஆலயமும் கத்தோலிக்கக் கோயிலும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்கள் குமரியில் நிறைய. அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு வாசகர்களை எடுத்தால் போதும்.